வூட்டுக்குள்ள வெயில் களிம்பு

1

இன்று என் மகள் யாழினிக்கு ஆறு வயது நிறைகிறது. காலையில் பள்ளிக்குக் கிளம்பும் அவசரத்தில் குளியலறையிலிருந்து கத்தினாள்: "அம்மா, தோளுக்கு க்ரீம் போட்டாச்சு!" போய்ப் பார்த்தால் முகம், கழுத்து, கை எல்லாம் வெள்ளை வெளேரென்று பூசியிருக்கிறாள். தோள் மட்டும் சட்டைக்குள் பத்திரமாக இருக்கிறது. தோல் என்று சொல்ல வந்திருக்கிறாள். "தோளு இல்லடி, தோலு. நாக்க மடக்காத" என்றேன். ரெண்டும் ஒன்றுதானே என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டாள். ஒன்றா? தோலும் தோளும் ஒன்றா? வாசலில் நின்று அவள் முதுகைப் பார்த்துத் திட்டித் தீர்த்தேன். அவளுக்குக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் பாதிதான் புரிந்திருக்கும்.

இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்தில் இருக்கிறோம். வெயில் என்பது இங்கே விருந்தாளி. வந்தால் வாசலில் நாற்காலி போட்டு உட்காருவார்கள். அப்படிப்பட்ட ஊரில் நான் தினமும் காலையில் சன்ஸ்கிரீன் பூசிக்கொள்கிறேன். வெளியே போகாத நாளிலும், மழை பெய்யும் நாளிலும், வீட்டுக்குள்ளேயே பூசுகிறேன். நெய்வேலி வெயிலில் இருபத்து நான்கு வருடம் வெந்தவள் இதைச் சொன்னால் ஊரில் சிரிக்கத்தான் செய்வீர்கள். சிரியுங்கள். என் அம்மாவும் சிரித்தாள்.

யாழினி வயிற்றில் இருந்தபோது இரண்டு கன்னத்திலும் எனக்கு மங்கு விழுந்தது. பரிசோதனைக்குப் போன இடத்தில், ஜன்னல் கண்ணாடி வழியாக வரும் வெளிச்சமே போதும் கருப்பதற்கு, வீட்டுக்குள்ளும் பூசு என்றார்கள். அன்று போனில் சொன்னபோது அம்மா கேட்டாள்: "வூட்டுக்குள்ள எதுக்குடி வெயில் களிம்பு? கூரைய பிரிச்சிட்டாங்களா?"

அதே அம்மா இரண்டு மாதம் கழித்து, நெய்வேலியில் தன் வீட்டுக்குள் உட்கார்ந்து, கையில் அதே களிம்பைப் பூசிக்கொண்டிருந்தாள். அந்தக் கதையைத்தான் இன்று எழுதப் போகிறேன். பிறந்தநாள் கேக் மதியம்தான் வரும். அதுவரை நேரம் இருக்கிறது.

2

முதலில் என் கை. நர்சிங் படித்துவிட்டு இங்கே முதியோர் இல்லம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தேன். ஒரு பெரியவரைத் தொடுமுன் கை கழுவ வேண்டும். தொட்டபின் கழுவ வேண்டும். கையுறை போடுமுன், கழற்றியபின், சாப்பாடு கொடுக்குமுன், எல்லாவற்றுக்கும் கழுவ வேண்டும். முதல் குளிர்காலத்திலேயே விரல் இடுக்கெல்லாம் வெடித்து ரத்தம் கசிந்தது. சொன்னால் வேலை போய்விடும் என்று முழுக்கைச் சட்டைக்குள் இழுத்து மறைத்துக்கொண்டு திரிந்தேன்.

மேலாளர் அம்மையார் ஒருநாள் பார்த்துவிட்டார். தொலைந்தோம் என்று நினைத்தேன். அவர் என்னை நாற்காலியில் உட்காரவைத்து, ஒரு பெரிய குப்பி களிம்பைக் கொண்டுவந்து முன்னால் வைத்தார். "கையைப் பார்த்துக்கொள்வதும் உன் வேலையில் சேர்த்தி. இதற்கு நேரம் எடுத்துக்கொள்" என்றார். வேலை நேரத்தில், சம்பளத்தோடு, கைக்குக் களிம்பு போடச் சொல்கிறார்கள்! அன்று கழிவறைக்குப் போய் அழுதேன். இந்த நாட்டின் மேல் எனக்கு எத்தனையோ புகார் உண்டு. ஆனால் அந்தக் குப்பியை நான் மறக்க மாட்டேன்.

ஏன் அழுதேன் என்று சொல்ல வேண்டுமானால் அம்மாவின் கையைச் சொல்ல வேண்டும். அம்மா முந்திரிக்கொட்டை உடைப்பவள். நெய்வேலி டவுன்ஷிப்புக்கு வெளியே, பண்ருட்டி ரோட்டில் ஒரு ஷெட். வறுத்த கொட்டையைக் கல்லில் வைத்துக் கட்டையால் ஒரு தட்டு தட்டினால் ஓடு பிளக்கும், பருப்பு முழுசாக வரும். ஓட்டிலிருந்து ஓர் எண்ணெய் கசியும். அது தோலைத் தின்றுவிடும். சாம்பலைத் தொட்டுத் தொட்டு உடைப்பார்கள். கையுறை போட்டால் கொட்டை வழுக்கும், வேலை ஓடாது. அம்மாவின் விரல் நுனிகள் கரிக்கட்டை நிறத்தில் வழவழவென்று இருக்கும். உள்ளங்கை முழுக்க வெடிப்பு.

அப்பா சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை. நெய்வேலிக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை, மற்றவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் ஊரில் மனிதர்கள் இரண்டே வகை. பர்மனன்ட், கான்ட்ராக்ட். பர்மனன்ட் என்றால் குவார்ட்டர்ஸ், ஆஸ்பத்திரி, பிள்ளைகளுக்கு நல்ல ஸ்கூல். கான்ட்ராக்ட் என்றால் டவுன்ஷிப் எல்லைக்கு வெளியே ஷீட் போட்ட வீடு. பெண் பார்க்க வந்தால் பையன் கருப்பா சிவப்பா என்று கேட்பதற்கு முன்னால் பர்மனன்ட்டா என்று கேட்பார்கள். அப்பாவுக்கு அடுத்த வருடம் ஆகிவிடும், அடுத்த வருடம் ஆகிவிடும் என்றே காலம் ஓடியது. அம்மா தன் கையை நீட்டிக் காட்டிச் சொல்வாள்: "உங்கப்பாவுக்கு ஆவல. இந்தக் கறைக்கு ஆயிடுச்சி பர்மனன்ட்டு."

அப்பா கான்ட்ராக்ட்டாகவே இறந்துபோனார். நெஞ்சுவலி. அப்போது நான் இங்கே வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை.

3

2013 ஜூன் கடைசியில் எனக்குப் பிரசவம் என்று தேதி கொடுத்திருந்தார்கள். அம்மா வர வேண்டும். அது ஒன்றுதான் எனக்கு வேண்டியிருந்தது. வேறு யாரும் இல்லை. என் கணவர் செந்திலின் பெற்றோர் காலமாகிவிட்டார்கள். அவருக்குக் கிடங்கில் வேலை, லீவு சொற்பம். தலைப்பிரசவம், அப்பா போனபோது ஊருக்குப் போக முடியாத குறை வேறு நெஞ்சில் கிடந்தது. அம்மா பக்கத்தில் இருந்தால் போதும் என்று ராவும் பகலும் அதே நினைப்பு.

மார்ச்சில் சென்னையில் விசா விண்ணப்ப மையத்தில் நாள் வாங்கினோம். ஷெட்டில் அம்மாவுக்கு எதிரே உட்கார்ந்து உடைக்கும் மல்லிகா அக்கா துணைக்குப் போனார். நான் அம்மாவுக்குப் போனில் பாடம் எடுத்திருந்தேன். "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லும்மா. பொய் சொல்லாத. ஒரு பொய் சொன்னா மொத்தமும் போச்சு." மண்டையில் ஆணி அடிப்பதுபோல் அடித்துச் சொன்னேன். வினை அங்கேதான்.

ரேகை எடுக்கும் மேசையில் ஓர் இளம்பெண். அம்மா விரலை வைத்தாள். கருவி ஏற்கவில்லை. துடைத்து வைத்தாள். ஏற்கவில்லை. பத்து விரலில் இரண்டுதான் ஏதோ பதிந்தது. அந்தப் பெண் அம்மாவின் கையைத் திருப்பிப் பார்த்து, "என்னம்மா இது?" என்று கேட்டாள். முந்திரிக்கொட்டை உடைப்பதாக அம்மா சொன்னாள். அந்தப் பெண் உள்ளே போய் யாரையோ கேட்டுவிட்டு வந்தாள். விதி என்னவென்றால், விரல் நிரந்தரமாகவே இப்படித்தான் என்றால் குறிப்பு எழுதி, பதிந்தவரை எடுத்து அனுப்பிவிடுவார்கள். தற்காலிகம் என்றால் ஆறிய பிறகு வர வேண்டும். அதைத்தான் அவள் விண்ணப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள்:

"இது பர்மனன்ட்டாம்மா?"

கேட்டதற்கு மட்டும் பதில், பொய் கூடாது. என் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னாள்: "இல்லீங்க. கடைசி வரைக்கும் கான்ட்ராக்ட்டுதாங்க. ஆவும் ஆவும்னு சொல்லிக்கினே இருந்தாங்க, அதுக்குள்ள அவரு பூட்டாருங்க."

அந்தப் பெண்ணுக்கு முதல் வார்த்தை மட்டும் காதில் விழுந்திருக்க வேண்டும். ஏதோ ஒரு கட்டத்தில் டிக் போட்டு, ஒரு சீட்டைக் கொடுத்து, பிறகு வரச் சொல்லிவிட்டாள்.

வெளியே காத்திருந்த மல்லிகா அக்காவிடம் அம்மா சொன்னது இது: "எங்க வூட்டுக்காரரு பர்மனன்ட் இல்லியாம். அதனால திருப்பி அனுப்பிட்டாங்க மல்லிகா."

4

இதே வார்த்தையை என்னிடமும் போனில் சொன்னாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அப்பா இறந்து மூன்று வருடம் ஆகிறது, அவர் கான்ட்ராக்ட்டாக இருந்தால் வெள்ளைக்காரனுக்கு என்ன வந்தது? பிறகு மல்லிகா அக்காவின் மகள் அந்தச் சீட்டை எழுத்துக் கூட்டிப் படித்தாள். விரல்களில் தற்காலிகப் பாதிப்பு, குணமான பின் வரவும். நடந்தது என்ன என்று மெல்ல விளங்கியது. விளங்கியதும் எனக்கு வந்ததே ஒரு கோபம்!

"ஏம்மா, கையப் பத்தி கேக்கறாங்க, அப்பா கதைய யாரு கேட்டா? ஆமாங்கன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா இந்நேரம் முடிஞ்சிருக்கும்ல?"

அம்மா சொன்னாள்: "பர்மனன்ட்டான்னு கேட்டா அவரதான்டி கேப்பாங்க. அவருக்கு ஆவாதத ஆச்சின்னு எப்புடிடி சொல்லுவேன்? அவரே அப்புடி ஒருநாளும் சொல்லிக்கினது இல்ல."

போனை வைத்துவிட்டு என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

மறுநாள் எங்கள் தெரு மருந்துக்கடையில் போய் நின்றேன். அங்கே ஒரு நடுவயது வெள்ளைக்காரப் பெண்மணி, மருந்தாளர். வயிற்றைத் தள்ளிக்கொண்டு நின்று, அழுகையும் உடைந்த ஆங்கிலமுமாகச் சொன்னேன். அம்மாவின் கை என்பதற்கு மம்மியின் கை என்று சொல்லித் தொலைத்தேன். அவருக்கு எகிப்து நினைவு வந்திருக்கும். சிரிக்கவில்லை. பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: எண்ணெய் படுவதை நிறுத்தினால் தோல் புதிதாக வளரும், ரேகையும் அநேகமாக அதனோடு வந்துவிடும், ஆறு வாரமாவது வேண்டும். அந்த ஆறு வாரத்துக்கு என்னென்ன செய்ய வேண்டும் என்று ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதினார். எண்ணெயைத் தொடாதே. சோப்புத்தூளும் மிளகாயும் வேண்டாம். ஒரு நாளைக்கு ஆறு தடவை பசைக்களிம்பு, படுக்கும்போது பருத்திக் கையுறை. புதுத் தோல் வந்ததும் சன்ஸ்கிரீன், இல்லாவிட்டால் மறுபடி கருக்கும். கடைசி வரிக்குக் கீழே கோடு போட்டிருந்தார்: வீட்டுக்குள்ளும்.

அதை அப்படியே அம்மாவிடம் ஒப்பித்தேன். "கண்ணாடி வழியா வர வெளிச்சமே ஆவாதும்மா."

"எங்க வூட்ல கண்ணாடியே இல்லியேடி. ஜன்னல்ல கோணிதான் தொங்குது."

"அப்ப வாசல் வழியா வரும். போடு."

சிரிப்புக்கு நடுவே அவள் கேட்கத் தயங்கிய கேள்வி எனக்குத் தெரியும். ஷெட்டுக்குப் போகாமல் எப்படி? பாத்திரம் யார் தேய்ப்பது? துணி யார் துவைப்பது? அம்மா சும்மா இருந்ததே கிடையாது. என்னைப் பெற்ற பத்தாம் நாளே கல்லின் முன்னால் உட்கார்ந்தவள் என்று சொல்வார்கள்.

மல்லிகா அக்கா போனைப் பிடுங்கி என்னிடம் சொன்னார்: "நீ கம்முனு இரு வளரு. அவுங்க எதையும் தொட வேணாம். நான் பாத்துக்கறேன்." அந்த ஒரு வார்த்தையை ஆறு வாரமும் காப்பாற்றிக் காட்டினார். விடியற்காலையில் வந்து எங்கள் வீட்டுப் பாத்திரம் தேய்த்தார். குழம்புக்கு மிளகாய் அரைத்தார். துணியைத் தூக்கிக்கொண்டு போனார். அதற்கு மேல் ஷெட்டுக்குப் போய்த் தன் பங்குக் கொட்டையை உடைத்தார். அவர் கையும் அம்மா கையைப் போலத்தான். அந்தக் கைக்கு எந்த நாட்டிலும் யாரும் ரேகை வைக்க நாள் கொடுத்திருக்கவில்லை. பின்னாளில் நன்றி சொன்னபோது, "ஐயே, போ. நாலு தட்டு கழுவனதுக்கா?" என்றார். எண்ணிப் பார்த்தால் நாலு தட்டுதான். எனக்கு அது உலகம்.

தெரு சும்மா விடுமா? "என்னாக்கா, சினிமாக்காரி மாதிரி வூட்டுக்குள்ள க்ரீம் பூசிக்கினு உக்காந்துக்கினு இருக்க?" என்று போகிற வருகிறவர்களெல்லாம் கேட்டார்கள். சுண்ணாம்பு அடித்த சுவர் போல இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு அம்மா பதில் சொன்னாளாம்: "லண்டன்ல அல்லாரும் இப்புடித்தான். மழ பேஞ்சா ரெண்டு தடவ."

வாரத்துக்கு ஒருமுறை போட்டோ வரும். எவர்சில்வர் தட்டின் மேல் இரண்டு கைகள். முதல் வாரம் உரிந்தது. இரண்டாம் வாரம் பயமாக இருந்தது, அங்கங்கே சிவப்பும் கருப்புமாக. நான்காம் வாரத்தில் பெருவிரலில் மெல்லிய கோடுகள் தெரிந்தன. நான் வேலையிடத்தில் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். நான் பார்த்துக்கொள்ளும் தொண்ணூறு வயதுப் பாட்டி ஒருவர் என்ன பார்க்கிறாய் என்று கேட்டார். என் அம்மாவின் ரேகை என்றேன். கொடு என்று வாங்கி அவரும் பார்த்தார்.

5

மே மாதம் இரண்டாம் தடவை போனார்கள். அதே மேசை, அதே பெண். அம்மாவை அடையாளம் கண்டுகொண்டு, "கை ஆறிடுச்சாம்மா?" என்று கேட்டாளாம். அம்மா பெருமையாக விரல்களை நீட்டினாள். கருவி ஒன்றையும் ஏற்கவில்லை. ஒரு விரலும் பதியவில்லை.

மல்லிகா அக்கா கண்ணாடித் தடுப்புக்கு வெளியே நின்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டிருந்தாராம். அந்தப் பெண் அம்மாவின் விரலைத் தொட்டுப் பார்த்தாள். வழுக்கியது. "என்னம்மா தடவியிருக்கீங்க?"

"வெயில் களிம்புங்க. வூட்டுக்குள்ளயே போடணும்னா பஸ்ஸுல போடாம வர முடியுங்களா? ஜன்னலோரம் எடம் கெடச்சிதுங்க."

நெய்வேலியிலிருந்து சென்னை வரை வழிநெடுகப் பூசிக்கொண்டே வந்திருக்கிறாள். அந்தப் பெண் எழுந்து, அம்மாவைக் கைபிடித்துக் குழாயடிக்குக் கூட்டிப்போய், தானே கழுவித் துடைத்து அழைத்துவந்தாள். அவள் பெயர்கூட எனக்குத் தெரியாது. வரிசையில் அத்தனை பேரை நிறுத்திவைத்து அதைச் செய்ய வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. பத்து விரலும் பதிந்தன. இடது பெருவிரல் மட்டும் மூன்றாம் தடவையில்.

ஆனால் விசா முடிவுக்குக் காத்திருக்கும்போதே, ஜூன் முதல் வாரத்தில், மூன்று வாரம் முன்னதாக எனக்கு வலி வந்துவிட்டது. அம்மா இல்லை. பிரசவ அறையில் மருத்துவச்சி ஒருத்தி என் கையை விடாமல் பிடித்திருந்தாள், செந்தில் மறுபக்கம் வெளிறிப்போய் நின்றார். யாழினி பிறந்தாள். அம்மா அம்மா என்று தமிழில் கத்தித் தீர்த்தேன். மருத்துவச்சிக்கு அது மட்டும் புரிந்தது போலும், "வந்துவிடுவார்கள், வந்துவிடுவார்கள்" என்றே சொல்லிக்கொண்டிருந்தாள்.

6

யாழினிக்குப் பதினைந்தாம் நாள் அம்மா வந்து இறங்கினாள். விமான நிலையத்தில் மறுபடி விரல் வைக்கச் சொன்னார்களாம். உடனே பச்சை விளக்கு எரிந்ததாம். வீட்டுக்குள் நுழைந்ததும் கை கழுவி, குழந்தையைத் தூக்கி மோந்து பார்த்து, "உங்கப்பா மூக்குடி" என்று என்னிடம் சொல்லி ஒரு தடவை அழுதுவிட்டு, சமையலறை எங்கே என்று கேட்டாள்.

மறுநாள் காலையில் என்னைக் குளியலறையில் ஸ்டூல் போட்டு உட்காரவைத்தாள். வெதுவெதுப்பாக நல்லெண்ணெய். முதுகில் தேய்க்க ஆரம்பித்தாள். நான் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தேன். சின்ன வயதில் சனிக்கிழமைதோறும் அம்மா எண்ணெய் தேய்த்தால் முதுகு எரியும். வெடிப்பு பிறாண்டும், கையில் தலைமுடி சிக்கி இழுக்கும், வலிக்குது வலிக்குது என்று நெளிவேன். லீட்ஸில் காய்ச்சலில் தனியாகக் கிடந்த நாட்களில் நான் ஏங்கியது அந்தப் பிறாண்டலுக்குத்தான். இப்போது முதுகில் ஓடியது மெத்தென்ற ஒரு கை. நர்ஸ் யாரோ தொடுவது போல இருந்தது. என் முதுகுக்கு அது அம்மா என்று தெரியவில்லை.

குலுங்கிக் குலுங்கி அழுதேன். அம்மா பதறிப்போய் நிறுத்தினாள்.

"என்னாடி, தையல் வலிக்குதா?"

"இல்லம்மா. வலிக்கவே இல்ல. இது உன் கை மாதிரியே இல்லம்மா."

நான்தான் களிம்பு போடு போடு என்று சொல்லி அந்தக் கையை அழித்தேன். என்னைப் படிக்கவைத்த கை அது. ஒரு விசாவுக்காக உரித்துப் போட்டுவிட்டேன். அதையும் உளறிக்கொட்டினேன்.

அம்மா எண்ணெய்க் கையை ஜன்னல் வெளிச்சத்தில் நீட்டி, திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவள் முகத்தில் துக்கமே இல்லை. ஏதோ வெட்கம் போல ஒன்று இருந்தது.

"ஏன்டி அழுவற? இது என் கைதான்டி" என்றாள். "நான் நெல்லிக்குப்பத்துல எங்கப்பன் வூட்ல இருந்தப்ப இந்தக் கைதான் எனக்கு. கல்யாணம் கட்டிக்கினு வந்தப்புறம்தான் கல்லு முன்னாடி உக்காந்தேன். உங்கப்பாகூட இத ஒரு மாசம்தான் பாத்தாரு. நீ பாத்ததே இல்ல."

நான் திரும்பி அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். பழுப்பு நிறத்தில், விரல் நுனியெல்லாம் நுணுக்கமான கோடுகளோடு, இருபது வயதுப் பெண்ணின் கை ஒன்று என் அம்மாவின் மணிக்கட்டில் இருந்தது.